ஹவாய் பீட்சா: ஒரு டப்பா அன்னாசியின் கதை

2017 பிப்ரவரியில் ஐஸ்லாந்தின் அப்போதைய அதிபர் குவ்ட்னி யோஹான்னெசன் அகுரேய்ரி என்ற ஊரில் ஒரு பள்ளிக்குப் போயிருந்தார். மாணவர்கள் கேள்வி கேட்டார்கள். பீட்சா மேல் அன்னாசிப்பழம் வைப்பது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. முடிந்தால் அதைத் தடை செய்துவிடுவேன் என்றார் அதிபர். அவ்வளவுதான்! சில நாட்களிலேயே உலகம் முழுவதும் பத்திரிகைகளில் அதுதான் செய்தி. கடைசியில் அவர் விளக்க அறிக்கை விட வேண்டியதாயிற்று. அன்னாசி தனக்குப் பிடிக்கும், பீட்சா மேல்தான் பிடிக்காது. மக்கள் எதைச் சாப்பிடலாம் என்று சட்டம் போடும் அதிகாரம் தனக்கு இல்லை, இல்லாததில் மகிழ்ச்சிதான் என்று அதில் சொல்லியிருந்தார். கனடாவின் அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவோ அன்னாசி பீட்சாவின் பக்கம் நிற்பதாகப் பகிரங்கமாக அறிவித்தார்.

இதெல்லாம் விளையாட்டுதான். ஆனால் கனடா பிரதமர் ஏன் நடுவில் வந்தார்? ஏனென்றால் 'ஹவாய் பீட்சா' என்று உலகம் சொல்லும் அந்தப் பண்டம் ஹவாயில் பிறந்ததல்ல, இத்தாலியிலும் பிறந்ததல்ல. கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு சிறு ஊரில் பிறந்தது. பெற்றெடுத்தவரோ ஒரு கிரேக்கர்!

சாட்டம் ஊர் ஹோட்டல்

சாம் பனோபூலஸ் 1934ல் கிரேக்கத்தில் பிறந்தவர். 20 வயதில், 1954ல், கப்பலேறிக் கனடாவுக்கு வந்தார். வழியில் கப்பல் இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் நின்றது. பீட்சாவை அவர் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். கனடாவில் தன் சகோதரர்களோடு சேர்ந்து சாட்டம் என்ற ஊரில் 'சாட்டிலைட்' என்ற ஹோட்டலை நடத்தினார். டொரண்டோவிலிருந்து தென்மேற்கே காரில் சுமார் மூன்று மணி நேரப் பயணம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் அதைவிடப் பக்கம்.

அந்த ஹோட்டலில் காலைச் சிற்றுண்டி, பர்கர், வறுத்த உருளைக்கிழங்கு எல்லாம் உண்டு. சீன உணவும் உண்டு. பீட்சா அப்போது அந்தப் பக்கத்துக்கே புதுசு. மேலே போடுவதற்கு காளான், பேக்கன், பெப்பரோனி என்று இரண்டு மூன்று சாமான்கள்தான். 1962ல் ஒரு நாள் அலமாரியில் இருந்த அன்னாசி டப்பாவைத் திறந்து, துண்டுகளைப் பீட்சா மேல் போட்டுப் பார்த்தார் சாம். எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கலாமே என்ற எண்ணம், வேறொன்றும் இல்லை. சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குப் பிடித்துவிட்டது. அந்த டப்பாவின் மேல் 'ஹவாயன்' என்று பெயர் போட்டிருந்தது. பீட்சாவுக்கும் அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

இது வெறும் குருட்டு அதிர்ஷ்டமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. இனிப்பும் புளிப்பும் கலந்த பன்றி இறைச்சி சீனச் சமையலில் பழைய சங்கதி. சாமின் ஹோட்டலிலேயே சீன உணவு ஓடிக்கொண்டிருந்தது. இனிப்பையும் காரசாரத்தையும் ஒரே தட்டில் கலப்பது அன்றைய கனடாவில் வேறெங்கும் அவ்வளவாக வழக்கமில்லை என்று அவரே பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பண்டிகை நாட்களில் முழு ஹாமின் மேல் அன்னாசி வளையங்களைச் செருகிச் சுடுவது அமெரிக்கக் குடும்பங்களில் ஏற்கெனவே உண்டு. ஜெர்மனியில் 1955 வாக்கில் கிளெமென்ஸ் வில்மென்ரோட் என்ற தொலைக்காட்சிச் சமையல்காரர், ரொட்டியின் மேல் ஹாம், அன்னாசி, சீஸ் வைத்துச் சுடும் 'டோஸ்ட் ஹவாய்' என்ற பண்டத்தைப் பிரபலமாக்கியிருந்தார். 1959ல் ஹவாய் அமெரிக்காவின் 50வது மாநிலமானது. தென்கடல் தீவுகளின் மேல் எல்லோருக்கும் ஒரு மயக்கம் இருந்த காலம் அது. ஆக, காற்றில் மிதந்துகொண்டிருந்த பல விஷயங்கள் ஒரு சின்ன ஊர்ச் சமையலறையில் ஒன்றாக வந்து விழுந்தன.

டப்பாவின் மேல் இருந்த பெயர்

அந்தப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. அது அவ்வளவு இனிப்பான கதை அல்ல.

அன்னாசியின் தாய்நாடு தென் அமெரிக்கா. கொலம்பஸின் ஆட்கள் 1493ல் கரீபியன் தீவான குவாதலூப்பில் அதைப் பார்த்தார்கள். ஹவாய்க்கு அது பிற்பாடு கொண்டுபோகப்பட்ட பழம்தான். 1893ல் ஹவாயின் ராணி லிலியுகலானி, அமெரிக்க வணிகர்களின் கையோங்கிய ஒரு கூட்டத்தால் பதவியிறக்கப்பட்டார். அதன்பின் அமைந்த குடியரசின் அதிபர் சான்ஃபர்ட் டோல். 1898ல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. அடுத்த வருடமே அதிபரின் உறவினரான ஜேம்ஸ் டோல் என்ற இளைஞர் ஹவாயில் வந்திறங்கி, 1901ல் அன்னாசிக் கம்பெனி தொடங்கினார். 1911ல் அந்தக் கம்பெனியின் பொறியாளர் ஹென்றி ஜினாகா ஓர் இயந்திரம் செய்தார். பழத்தின் தோலைச் சீவி, நடுத்தண்டை எடுத்து, டப்பாவுக்குள் சரியாகப் பொருந்தும் உருளையாக வெட்டித் தள்ளும் இயந்திரம். இன்றும் டப்பாவைத் திறந்தால் வட்ட வட்டமாக, நடுவில் ஓட்டையோடு வருகிறதே, அது பழத்தின் உருவமல்ல, இயந்திரத்தின் உருவம்!

1922ல் டோல் கம்பெனி லானாய் என்ற தீவையே கிட்டத்தட்ட முழுசாக வாங்கியது. தோட்டத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்த குடும்பங்கள். வெயிலில் முள் இலைகளுக்கு நடுவே குனிந்து நின்று பறிக்கும் வேலை. 1951ல் அந்தத் தீவின் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு 201 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊரே கம்பெனியின் ஊர், வீடும் கம்பெனியின் வீடு. அப்படி ஓர் இடத்தில் ஆறரை மாதம் தாக்குப்பிடிப்பது சாதாரண விஷயமா? கடைசியில் கூலி உயர்ந்தது. சாம் டப்பாவைத் திறந்தது அதற்குப் பதினோரு வருடம் கழித்து.

பிறகு கூலி குறைவான நாடுகளுக்குப் பயிர் நகர்ந்தது. லானாயில் 1992ல் அன்னாசி முடிந்துபோனது. 2012ல் ஆரக்கிள் கம்பெனியின் லாரி எலிசன் அந்தத் தீவின் 98 சதவீதத்தை வாங்கினார். இன்று கடையில் கிடைக்கும் டப்பா அன்னாசி பெரும்பாலும் தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கத்துச் சரக்கு. பீட்சாவின் பெயர் மட்டும் ஹவாயிலேயே நின்றுவிட்டது.

வீட்டில் செய்வது எப்படி?

சரி, கதை போதும், அடுப்படிக்குப் போகலாம். கீழே உள்ள அளவு பத்து அங்குல பீட்சா இரண்டுக்கு வரும்.

மாவுக்கு: மைதா 300 கிராம், தண்ணீர் 195 மில்லி, உப்பு 6 கிராம், உடனடி ஈஸ்ட் 3 கிராம், சர்க்கரை ஒரு டீஸ்பூன், ஆலிவ் எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். பிரெட் செய்வதற்கென்று விற்கும் மாவு கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் புரதம் அதிகம், மாவு இழுபடும், கிழியாது.

எல்லாவற்றையும் கலந்து பத்து நிமிடம் நன்றாக அடித்துப் பிசைய வேண்டும். முதலில் கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவைக் கொட்டக் கூடாது. கொட்டினால் கடைசியில் கிடைப்பது பீட்சா அல்ல, வறட்டு ரொட்டி. பிசையப் பிசைய ஒட்டுவது தானாக நின்றுவிடும். பிறகு எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடி, இரண்டு மடங்காகும் வரை விட வேண்டும். வெக்கையான இடத்தில் ஒரு மணி நேரம் போதும், குளிர் நாட்டில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் கூட ஆகும். முதல் நாள் இரவே பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் ருசி கூடும்.

சாஸுக்கு டப்பாத் தக்காளியைக் கையால் நசுக்கி உப்பு, ஒரு பல் பூண்டு, கொஞ்சம் ஒரிகனோ சேர்த்தால் போதும். ஒரு பீட்சாவுக்கு மூன்று அல்லது நான்கு டேபிள்ஸ்பூன்தான். சாஸில் சர்க்கரை வேண்டாம், இனிப்புக்குத்தான் அன்னாசி வருகிறதே!

இனி முக்கியமான விஷயம். அன்னாசி பீட்சாவைத் திட்டுபவர்களில் பாதிப் பேர் உண்மையில் திட்டுவது அன்னாசியை அல்ல, தண்ணீரை. அந்தப் பழத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் தண்ணீர்தான். டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே போட்டால் ஓவன் சூட்டில் தண்ணீர் விட்டு, சீஸ் வழுக்கி, நடு மாவு வேகாமல் சொதசொதவென்று ஆகிவிடும். செய்ய வேண்டியது இதுதான். சர்க்கரைப் பாகில் போட்டதை விட்டு, சொந்தச் சாற்றில் போட்ட அன்னாசியாகப் பார்த்து வாங்கி, வடிகட்டி, துணியால் ஒற்றி, சின்னத் துண்டுகளாக்கி, எண்ணெய் இல்லாமல் சூடான தோசைக்கல்லில் மூன்று நான்கு நிமிடம் புரட்ட வேண்டும். ஓரம் பொன்னிறமாகும் போது எடுத்துவிடலாம். தண்ணீர் போய் இனிப்பு திரண்டு நிற்கும், லேசான கருகல் மணமும் சேரும்.

புதுப் பழம் போடலாமா? போடலாம். ஆனால் பச்சை அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை உடைக்கும். அன்னாசி நிறையச் சாப்பிட்டால் நாக்கு கடிப்பதில் அதற்கும் பங்கு உண்டு. பச்சைத் துண்டு சீஸ் மேலும் இறைச்சி மேலும் நெடுநேரம் கிடந்தால் அவற்றைக் குழையச் செய்துவிடும். டப்பாவில் அடைக்கும்போது சூடாக்குவதால் அந்த நொதி செயலிழந்துவிடுகிறது. எனவே புதுப் பழம் என்றால் கல்லில் புரட்டுவதைத் தவிர்க்கவே கூடாது.

ஹாம் என்பது பன்றியின் பின்தொடையை உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சி. புகை போட்டதும் உண்டு. இதற்கு வேகவைத்த, லேசாகப் புகை மணம் உள்ள ஹாம் சரியாக இருக்கும். ஒரு பீட்சாவுக்கு 60 கிராம் தாராளம். ஏற்கெனவே வெந்தது என்பதால் ஓவனில் அதிக நேரம் நேர்ச்சூடு பட்டால் காய்ந்து தோல் மாதிரி ஆகிவிடும். அதனால் அதைச் சீஸுக்குக் கீழே வைத்து, அன்னாசியைச் சீஸுக்கு மேலே வைக்க வேண்டும். கீழே இருப்பது காயாது, மேலே இருப்பதன் ஈரம் ஆவியாகப் போய்விடும். பன்றி சாப்பிடாத வீட்டில் புகை போட்ட கோழி அல்லது வான்கோழித் துண்டு போடலாம். சைவம் என்றால் ஆலிவ் காயும் மிளகாயும் போடலாம். இனிப்புக்கு எதிரே நிற்க உப்பாக ஏதாவது ஒன்று வேண்டும், அதுதான் கணக்கு. உப்பு, புளிப்பு, இனிப்பு, கொழுப்பு நான்கும் சரியாக நின்றால் நாக்கு சண்டை போடாது.

ஓவனை அதன் உச்ச சூட்டில், பெரும்பாலான வீட்டு ஓவன்களில் 250 டிகிரி செல்சியஸ், அரை மணி நேரம் முன்பே சூடாக்க வேண்டும். தட்டையும் உள்ளேயே வைத்துச் சூடாக்க வேண்டும். நேப்பிள்ஸின் விறகு அடுப்பில் கிட்டத்தட்ட 450 டிகிரி சூட்டில் பீட்சா 60 முதல் 90 வினாடியில் வெந்துவிடும். வீட்டில் அது நடக்காது. அந்தக் குறையைக் கொதிக்கும் தட்டு கொஞ்சம் ஈடுகட்டும். மாவைக் கட்டை கொண்டு தேய்க்காமல் விரலால் நடுவிலிருந்து தள்ளி வட்டமாக்கி, பேக்கிங் தாளில் வைத்து, சாஸ், ஹாம், துருவிய மொசரெல்லா சீஸ் 120 கிராம், கடைசியில் அன்னாசி என்று அடுக்கி, தாளோடு சூடான தட்டில் தள்ளிவிட வேண்டும். சில பேக்கிங் தாள் அவ்வளவு சூடு தாங்காது, பெட்டியில் போட்டிருக்கும் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து முதல் பன்னிரண்டு நிமிடம். ஓரம் சிவந்து, சீஸ் அங்கங்கே புள்ளி விழுந்ததும் எடுக்கலாம். இரண்டு நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள்.

லாபம் யாருக்கு?

வீட்டில் செய்தால் மலிவா? கடைக்காரர் கணக்குப் போடுவது போலப் போட்டுப் பார்த்தால் விடை சுவாரசியமானது. மாவும் ஈஸ்டும் சில்லறைக் காசு. செலவு சீஸிலும் ஹாமிலும்தான். ஆனால் ஒரே ஒரு பீட்சாவுக்காக அரை மணி நேரம் ஓவனைக் காயவைத்து, ஒரு டப்பா அன்னாசியையும் ஒரு பாக்கெட் ஹாமையும் உடைத்தால், மிச்சம் வீணாகும், கரண்ட் வீணாகும். அந்த ஒரு பீட்சா கடை விலையைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை. நான்கு பீட்சா செய்தாலோ அதே சூடு, அதே டப்பா நான்காகப் பங்கு போகிறது. வணிகவியல் புத்தகத்தில் நிலையான செலவு என்று படிப்பது இதைத்தான். வீட்டில் பீட்சா செய்வது என்றால் நாலு பேரைக் கூப்பிட்டுச் செய்வதுதான் கட்டுபடியாகும். கணக்கே விருந்துக்குக் கூப்பிடச் சொல்கிறது!

சரி, கண்டுபிடித்த சாமுக்கு என்ன கிடைத்தது? உலகம் முழுவதும் பீட்சாக் கடைகள் அன்னாசியை வைத்து விற்றன, இன்றும் விற்கின்றன. அவர் காப்புரிமை எதுவும் வாங்கவில்லை, ராயல்டி என்று ஒரு காசு வரவில்லை. சமையல் குறிப்பைச் சொந்தமாக்கிக்கொள்வது சட்டப்படியும் எளிதான காரியமல்ல. பெயரை வேண்டுமானால் வணிகச் சின்னமாகப் பதிவு செய்யலாம், ஆனால் அந்தப் பெயரே டப்பாக்காரன் கொடுத்தது. ருசிக்கு வேலி போட முடியாது. போட முடிந்திருந்தால் நேப்பிள்ஸ்காரர்கள் சாமைத்தான் முதலில் தடுத்திருப்பார்கள். அதற்கும் முன்னால், தக்காளியை இத்தாலிக்குத் தர மாட்டோம் என்று அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடிகள் வேலி போட்டிருப்பார்கள். பதினாறாம் நூற்றாண்டுக்கு முன் இத்தாலியில் தக்காளியே கிடையாது. அதை யார் இன்று நினைக்கிறார்கள்?

வேலி இல்லாததில் நஷ்டப்பட்டவர்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. சாமுக்குப் பணம் வரவில்லை. லானாய் தொழிலாளர்களுக்கோ பெயர்கூட வரவில்லை. அவர்கள் பறித்த பழத்தின் மேல் கம்பெனியின் பெயரும், சாப்பிடுபவர்களின் நினைப்பில் ஒரு கடற்கரைப் படமும்தான் மிஞ்சின. ஒரு பண்டத்துக்கு மரியாதை செய்வது என்றால் இது அசலா போலியா என்று சண்டை போடுவது அல்ல. யார் கை பட்டு வந்தது என்று தெரிந்துகொண்டு சாப்பிடுவது.

2017 டிசம்பரில் நேப்பிள்ஸின் பீட்சா செய்யும் கலையை யுனெஸ்கோ தன் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் சாம் பனோபூலஸ் தம் 82வது வயதில் காலமானார். ஐஸ்லாந்து அதிபர் கிளப்பிவிட்ட சர்ச்சை நடந்து நான்கே மாதம். நல்லவேளை, தன் பீட்சாவுக்காக ஒரு நாட்டின் பிரதமர் பரிந்து பேசியதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். 2024 ஜனவரியில் நேப்பிள்ஸிலேயே, ஜினோ சொர்பில்லோ என்ற பிரபல பீட்சாக்காரர் தன் கடைப் பட்டியலில் அன்னாசி பீட்சாவைச் சேர்த்தார், விலை 7 யூரோ. ஊரில் பலருக்குக் கோபம். அவரோ தக்காளியை விட்டுவிட்டு, அன்னாசியை முன்கூட்டியே சமைத்து, ஈரம் போக்கித்தான் மேலே வைத்தார். மேலே சொன்ன தோசைக்கல் வேலைதான், பெரிய இடத்தில் நடந்தது!

தடை செய்ய அதிகாரம் இல்லாததில் மகிழ்ச்சி என்று அந்த அதிபர் சொன்னது வேடிக்கையாகச் சொன்னதாக இருக்கலாம். ஆனாலும் அடுப்படிக்கு அதைவிட நல்ல சட்டம் கிடையாது. பிடிக்காதவர்கள் துண்டுகளைப் பொறுக்கித் தட்டின் ஓரம் வைக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எடுத்துக்கொள்வார்.